கடலோர மாவட்டத்தில் விளையாட்டுத் திடலுக்கான இரவு விளக்குகள்: பேஸ்பால் திடலை முன்வைத்து

விளையாட்டுத் திடல் விளக்கமைப்பு என்பது சூரியன் மறைந்த பிறகும் ஆட்டக்காரர்களும் நடுவர்களும் பந்தைத் தெளிவாகக் காணும்படி, உயரமான கம்பங்களிலிருந்து திடலின்மீது ஒளியைச் செலுத்தும் ஏற்பாடு ஆகும். இக்கட்டுரை செங்கல்பட்டு மாவட்டத்தை, அதிலும் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரையையும் அதை ஒட்டிய ஊர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று தொடங்கப்பட்ட இம்மாவட்டத்தில், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் உள்ள மேலக்கோட்டையூரில்தான் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. உடற்கல்வி படிப்போருக்குப் பேஸ்பாலும் (அடிபந்தாட்டம்) சாஃப்ட்பாலும் புதியவை அல்ல. ஆனால் ஊர்த் திடல்களில் பேஸ்பாலுக்கென்று தனி இடம் ஒதுக்குவது அரிது. காலையில் கிரிக்கெட், மாலையில் கைப்பந்து, திருவிழாக் காலத்தில் கபடி என ஒரே மண்ணில்தான் எல்லாம் நடக்கும். அப்படியிருந்தும் பேஸ்பாலை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. விளக்கைப் பொறுத்தவரை மிகக் கடினமான கோரிக்கைகளை வைக்கும் ஆட்டங்களில் அது ஒன்று. ஏறத்தாழ 7.3 செ.மீ. விட்டமுள்ள கெட்டிப்பந்து 18.44 மீட்டர் தொலைவிலிருந்து எறியப்படுகிறது. மணிக்கு 130 கி.மீ. வேகம் என்றால் அது அடிப்பவரை அடைய அரை விநாடி போதும். அடிபட்ட பந்தோ விளக்குக் கம்பத்தைவிட உயரமாக எழும்பி எங்கோ இறங்கும். இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் விளக்கமைப்பு, சிறு மாற்றத்துடன் சாஃப்ட்பாலுக்கும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கும் பொருந்தும்.

இரவு விளக்கு ஆடம்பரமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நம் பகுதியில் நவம்பர் இறுதியில் சூரியன் மாலை 5.40 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. ஜூலையில்கூட 6.40-ஐத் தாண்டுவதில்லை. பள்ளி முடிந்து பிள்ளைகள் உடைமாற்றித் திடலுக்கு வரும்போது ஒரு மணி நேர வெளிச்சம்தான் மீதி இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலோ பகல் வெயிலில் பயிற்சி கொடுப்பது பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஆகாது. ஆகவே தேவை உண்மையானது. அந்தத் தேவைக்கு வாங்கப்படும் விளக்குகளில் எத்தனை, கொடுத்த காசுக்கும் எரித்த மின்சாரத்துக்கும் ஈடாகத் திடலில் ஒளி தருகின்றன என்பதே கேள்வி.

இரவு ஆட்டத்தின் தொடக்கம்

மின்விளக்கில் பேஸ்பால் ஆடிய முதல் முயற்சி ஒரு கடற்கரையில் நடந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. 1880 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நான்டாஸ்கெட் கடற்கரையில், பாஸ்டன் நகரின் இரு பெரிய கடைகளின் ஊழியர் அணிகள் கோபுரங்களில் ஏற்றப்பட்ட விளக்குகளின்கீழ் ஆடின. ஆட்டம் 16–16 என்று சமனில் முடிந்தது. விளக்கு நிறுவனம் தன் சரக்கைக் காட்டுவதற்காக நடத்திய ஆட்டம் அது.

பெருங்குழுக்களின் போட்டியில் இரவு ஆட்டம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1935 மே 24 அன்று சின்சினாட்டி நகரின் கிராஸ்லி ஃபீல்டு திடலில் 632 விளக்குகள் எரிந்தன. அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்தபடியே பொத்தானை அழுத்தி அவற்றை ஏற்றிவைத்தார். சின்சினாட்டி அணி பிலடெல்பியாவை 2–1 என வென்றது. இதற்கு மாறான கதை சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுடையது. குடியிருப்புகளுக்கு நடுவில் இருந்த அத்திடலில் விளக்குக்கு எதிர்ப்பு நீடித்ததால் 1988 ஆகஸ்ட் 8 வரை இரவு ஆட்டமே கிடையாது. அன்றும் மழை வந்து ஆட்டம் நின்றுபோய், மறுநாள்தான் முதல் இரவு ஆட்டம் முழுமையாக நடந்தது. திடலில் விழவேண்டிய ஒளி பக்கத்து வீட்டுச் சன்னலில் விழுவது அன்றே பெரிய வழக்காக இருந்தது.

இந்தியாவில் கிரிக்கெட்டிலும் ஒளிவெள்ள விளக்குகள் வந்தன. 1984 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் ஆட்டம் நாட்டின் முதல் பகலிரவுப் பன்னாட்டு ஆட்டம். சென்னை சேப்பாக்கத்தில் 1996 உலகக்கோப்பைக் காலிறுதி, விளக்கொளியில் நடந்தது. அதற்குப் பிறகு ஊர்தோறும் 'போகஸ் லைட்' கட்டி ஆடும் இரவுப் போட்டிகள் பெருகின.

ஒளியை எப்படி அளப்பது

கடையில் விளக்கு கேட்டால் முதலில் சொல்வது வாட் கணக்கு. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவு அல்ல. ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து உமிழும் ஒளியை லூமன் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அங்கே உள்ள ஒளியின் அளவு ஒரு லக்ஸ். அமெரிக்க நூல்களில் வரும் 'அடி மெழுகுவர்த்தி' என்ற அலகு 10.76 லக்ஸுக்குச் சமம்.

வகுப்பறையில் இதை விளக்க நான் குடத்தையும் வயலையும் சொல்வதுண்டு. குடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது லூமன். வயலில் எத்தனை அங்குலம் நீர் நிற்கிறது என்பது லக்ஸ். வாய்க்கால் உடைந்திருந்தால் குடம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. விளக்கின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் அது சாய்க்கப்பட்டுள்ள கோணமும்தான் அந்த வாய்க்கால்.

எவ்வளவு ஒளி தேவை

பேஸ்பால் திடலில் இரண்டு பகுதிகள் உண்டு. நான்கு தளங்களுக்கு இடைப்பட்டும் அவற்றை ஒட்டியும் உள்ள உட்களத்தில் பந்து வேகமாகவும் ஆட்டக்காரர்களுக்கு மிக அருகிலும் செல்லும். அதற்கு அப்பாலுள்ள வெளிக்களத்தில் பந்து வந்து சேரச் சிறிது நேரம் கிடைக்கும். எனவே உட்களத்துக்கு எப்போதும் கூடுதல் ஒளி வேண்டும். ஐரோப்பிய நெறிமுறையின்படி பயிற்சிக்கும் பள்ளி அளவிலான ஆட்டத்துக்கும் உட்களத்தில் 300 லக்ஸ், வெளிக்களத்தில் 200 லக்ஸ் போதும். மாவட்ட, மாநில அளவுப் போட்டிகளுக்கு ஒத்த நிலையில் 500-ம் 300-ம். அதற்கும் மேல்நிலைக்கு 750-ம் 500-ம். சிறுவர் ஆட்டத்தை நடத்தும் அமெரிக்க லிட்டில் லீக் அமைப்பு உட்களத்தில் 50, வெளிக்களத்தில் 30 அடி மெழுகுவர்த்தி கேட்கிறது. இது ஏறத்தாழ 540, 320 லக்ஸ்.

சராசரியோடு சீர்மையும் முக்கியம். உட்களத்தில் மிக வெளிச்சமான இடம், மிக மங்கிய இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. வெளிக்களத்தில் இரண்டரை மடங்கு வரை பொறுக்கலாம். இது மீறப்பட்டால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும் பந்து திடீரென வேகம் மாறியதுபோல் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்த் திடல்களில் பெரும்பாலும் குறை இதுதான். கம்பத்தின் அடியில் நண்பகல் போலவும் நடுவில் அமாவாசை போலவும் இருக்கும்.

பள்ளித் திடலுக்குத் தொலைக்காட்சி அளவிலான ஒளியைக் கேட்டு வாங்குவது வீண் என்பது என் கருத்து. 300-க்கு 200 லக்ஸ் சீராகக் கிடைத்தால் பிள்ளைகள் நன்றாகவே ஆடுவார்கள்.

செயல்திறன் கணக்கு

ஒரு சிறிய பேஸ்பால் அல்லது சாஃப்ட்பால் திடலை எடுத்துக்கொள்வோம். ஹோம் பிளேட்டிலிருந்து 60 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டம் என்றால் பரப்பு சுமார் 2,800 சதுர மீட்டர். அதில் 900 சதுர மீட்டர் உட்களம், 1,900 சதுர மீட்டர் வெளிக்களம். உட்களத்துக்கு 300 லக்ஸ் என்றால் 2,70,000 லூமன். வெளிக்களத்துக்கு 200 லக்ஸ் என்றால் 3,80,000 லூமன். ஆக, மண்ணில் விழவேண்டிய ஒளி 6,50,000 லூமன்.

விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் திடலில் விழுவதில்லை. ஒரு பகுதி வானத்துக்கும் பக்கத்துத் தெருவுக்கும் போகிறது. நாளடைவில் விளக்கு மங்குவதையும் கண்ணாடியில் தூசி படிவதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்காக நான் கொண்ட மதிப்புகள். திடலுக்குத் திடல் இவை மாறும்.

முதலாவது, பழைய 1000 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு. ஒன்று ஏறத்தாழ 1,00,000 லூமன் தரும். சோக்குடன் சேர்த்து 1,080 வாட் இழுக்கும். ஒளியில் 40 விழுக்காடு திடலை அடைகிறது, மங்கலுக்கான காரணி 0.65 என்று கொண்டால் 25 விளக்குகள் தேவை. மொத்தம் 27 கிலோவாட்.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் அகன்ற ஒளிக்கற்றை கொண்ட மலிவு எல்.இ.டி. போகஸ் லைட். வாட்டுக்கு 110 லூமன், திடலை அடைவது 35 விழுக்காடு, மங்கல் காரணி 0.7. தேவைப்படுவது சுமார் 24 கிலோவாட்.

மூன்றாவது, விளையாட்டுத் திடலுக்கென்றே லென்ஸ் அமைத்த எல்.இ.டி. வாட்டுக்கு 130 லூமன், திடலை அடைவது 60 விழுக்காடு, மங்கல் காரணி 0.8. தேவைப்படுவது 10.4 கிலோவாட்.

நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் எரித்தால் முறையே 13,500, 12,000, 5,200 யூனிட் மின்சாரம் ஆகும். எல்.இ.டி. என்ற பெயருக்காக வாங்கிய இரண்டாவது வகை, பழைய விளக்கைவிடப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வாட்டுக்கு 20 லூமன்தான் வேறுபாடு. ஆனால் மின்கட்டணம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பெரும்பகுதிச் சேமிப்பு ஒளியைச் சரியான இடத்தில் விழச் செய்வதால் வருகிறது.

மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்போதுள்ள கோபுரம் கட்டப்படும் முன் பக்கத்திலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில் விளக்கு வைத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். கலங்கரை விளக்கங்களில் பேரளவு விளக்கு எரிவதில்லை. சுற்றியுள்ள லென்ஸ் ஒளியைக் குவித்துக் கிடைமட்டமாகக் கடலுக்கு அனுப்புவதால்தான் அது பல கி.மீ. தெரிகிறது. திடல் விளக்கில் இதே கலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒளி தொலைவுக்குப் போகக்கூடாது, கீழே இறங்க வேண்டும்.

எல்.இ.டி.க்கு வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. மெட்டல் ஹாலைடு விளக்கு முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் விளக்கு ஆறி மீண்டும் பற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எல்.இ.டி. உடனே எரியும். மேலும் அதைக் குறைத்து எரிக்கலாம், பகுதி பகுதியாகவும் எரிக்கலாம். பந்தெறியும் பயிற்சி மட்டும் நடந்தால் உட்கள விளக்குகள் போதும். ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டி, பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற 50 லக்ஸ் போதும். இந்தப் பிரிவுகளுக்குத் தனித்தனி சுவிட்ச் வைக்காமல் ஒரே மெயினில் எல்லாவற்றையும் இணைத்துவிடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கம்பங்களும் கண்கூச்சமும்

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் செலவைக் குறைக்கக் கம்பமே நடாமல் கட்டடத்தின் மாடிக் கைப்பிடிச் சுவரில் நான்கு போகஸ் லைட்டுகளைப் பொருத்தினார்கள். தரையில் லக்ஸ் மீட்டர் வைத்தால் எண் நன்றாகவே இருந்தது. ஆனால் உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்க அண்ணாந்த மாணவன் விளக்கை நேரே பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். பந்து கன்ன எலும்பில் பட்டது. நல்லவேளை, அது சாஃப்ட்பால். மறுநாளே விளக்குகளைக் கழற்றிவிட்டோம். லக்ஸ் மீட்டர் மண்ணைத்தான் பார்க்கும், ஆட்டக்காரன் விளக்கையும் பார்ப்பான் என்பதை அன்று கற்றேன்.

கண்கூச்சம் குறைய விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும். திடலின் நடுவிலிருந்து பார்த்தால் விளக்கு குறைந்தது 25 பாகை கோண உயரத்தில் தெரிய வேண்டும் என்பது பயன்படும் விதி. கம்பத்துக்கும் திடலின் நடுவுக்கும் 35 மீட்டர் இருந்தால் கம்ப உயரம் 16 மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஏழெட்டு மீட்டர் தெருவிளக்குக் கம்பத்தில் திடல் விளக்கை மாட்டினால், மறுமுனைக்கு ஒளி போக விளக்கை நிமிர்த்தியே ஆக வேண்டும். நிமிர்த்தினால் எல்லோர் கண்ணிலும் குத்தும்.

சிறிய திடலுக்கு ஆறு கம்பங்களும் பெரிய திடலுக்கு எட்டும் வழக்கம். அடிப்பவர் பந்தெறிபவரைப் பார்க்கும் திசையில், அதாவது வெளிக்களத்தின் நேர் நடுவில், கம்பம் இருக்கக்கூடாது. ஹோம் பிளேட்டுக்கு அருகிலுள்ள இரு கம்பங்களைக் கோட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் நட வேண்டும். அப்போதுதான் அடிப்பவரின் சொந்த நிழல் பிளேட்டின்மேல் விழாது.

பேஸ்பாலுக்கும் கபடிக்கும் விளக்கில் உள்ள முக்கிய வேறுபாடு வானத்தில் இருக்கிறது. கபடிக்குத் தரையில் ஒளி விழுந்தால் முடிந்தது. பேஸ்பாலில் பந்து விளக்குகளுக்கு மேலே போய்விடும். ஒளி முழுவதையும் கீழ்நோக்கி மட்டும் தள்ளினால் உயரே போன பந்து இருளில் மறைந்து, திடீரெனத் தலைக்குமேல் தோன்றும். எனவே ஒவ்வொரு கம்பத்திலும் சிறிய அளவு ஒளியை, கட்டுப்படுத்திய கற்றையாக, திடலின் மேலுள்ள வெளிக்கு அனுப்புவார்கள். மொத்தத்தில் அது சிறு பங்குதான். ஆயினும் கடற்கரையில் இந்தச் சிறு பங்குதான் பெரிய சிக்கலாகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மலிவு எல்.இ.டி. விளக்குகளில் துடிப்பு என்ற குறையும் உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டதால் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நல்ல டிரைவர் இதைச் சமன் செய்துவிடும். இல்லையென்றால் வேகமான பந்து விட்டுவிட்டுத் தெரியும். சோதிப்பது எளிது. கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தால் ஒளி பளிச்சிடுவது தெரிந்துவிடும். பணம் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

உப்பும் காற்றும்

செங்கல்பட்டு நகரம் மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. உள்ளே இருக்கிறது. அங்கே பத்தாண்டு தாங்கும் விளக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் துருவேறி நிற்பதைப் பார்க்கலாம். கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத்துளி உலோகத்தின்மேல் படிகிறது. இரவு ஈரத்தில் அது கரைந்து அரிக்கத் தொடங்குகிறது. மழை கழுவும் மேற்பகுதியைவிட மழை படாத அடிப்பகுதிதான் முதலில் போகும்.

கடலோரத்தில் கம்பம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக இருக்க வேண்டும். மேலே பூசிய பெயிண்ட் மட்டும் நிற்காது. திருகாணிகள் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண 304 வகை இங்கே பழுப்பேறும். அலுமினிய விளக்குக்கூட்டில் எஃகுத் திருகாணி நேரடியாகத் தொட்டால், உப்புநீர் நடுவில் நின்று இரண்டையும் ஒரு மின்கலம்போல ஆக்கி அலுமினியத்தைத் தின்றுவிடும். எட்டாம் வகுப்பு அறிவியலில் எலுமிச்சம்பழத்தில் இரு உலோகத் தகடுகளைச் செருகிக் காட்டும் சோதனைதான் இது. இடையில் நைலான் வளையம் போட்டால் தடுக்கலாம். விளக்குக்கு ஐ.பி. 66 காப்பு வேண்டும். அதோடு ஒயர் நுழையும் துளையின் அடைப்பையும் பார்க்க வேண்டும். நீர் பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்குகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாக்கியது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிப்பிடுகிறது. இது மணிக்கு 180 கி.மீ. கம்பத்தின் உச்சியில் உள்ள விளக்குகள் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். எண்ணிக்கை குறைந்த, மெல்லிய விளக்குகளைத் தேர்வதால் கம்பமும் அடித்தளமும் சிறிதாகின்றன. திறன்மிக்க விளக்கு மின்கட்டணத்தோடு கான்கிரீட்டையும் மிச்சப்படுத்துகிறது. பிறகு ஒருநாள் கூடுதல் விளக்கு மாட்டலாம் என்று நினைத்தால், அந்தக் கனத்தையும் சேர்த்தே முதலிலேயே அடித்தளம் போட வேண்டும்.

மணற்பாங்கான நிலத்தில் எர்த் கிடைப்பது கடினம். உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே கம்பத்துக்குக் கம்பம் தனி எர்த் குழி அமைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டையால் இணைத்து, தடையை அளந்து எழுதிவைக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மழைக்காலத்தில் ஈரக்கையோடு கம்பத்தில் சாய்ந்து நிற்பவர்கள் பிள்ளைகள். வடகிழக்குப் பருவமழை இடிமின்னலோடு வருவதால் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும். அது இல்லாமல் ஒரே மின்னலில் எல்லா டிரைவர்களும் போவதுண்டு.

பங்குனி ஆமைகள்

ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமையை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் இரவில் ஏறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்குமேல் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து, பெரும்பாலும் இரவிலேயே, மேலே வரும். ஆக, குஞ்சுகளின் காலம் மே வரை நீள்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நடையாகச் சென்று முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகின்றனர். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது.

மணலிலிருந்து தலைநீட்டும் குஞ்சுக்குத் தாய் துணையில்லை. இருண்ட நிலத்தைவிட விண்மீனொளியில் கடற்பரப்பின் தொடுவானம் சற்றே வெளிச்சமாக இருக்கும். தாழ்ந்து தெரியும் அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடுவதே அதற்குப் பிறவியறிவு. நிலப்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் அது திரும்பிச் சாலைக்கு ஓடும். நாய்க்கும் நண்டுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகும். இல்லையென்றால் விடிந்ததும் வெயிலில் காய்ந்துபோகும். முட்டையிட வரும் தாயும் வெளிச்சமான கரையைத் தவிர்க்கும்.

கடலாமைகளின் சாவுக்கெல்லாம் விளக்கே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 2025 ஜனவரியில் நம் கரையில் ஏராளமாக இறந்து ஒதுங்கிய பெரிய ஆமைகள் இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து இறந்தவை எனக் கூறப்பட்டது. ஆனால் வலையை நிறுத்துவது பள்ளித் தலைமையாசிரியர் கையிலோ ஊர் விளையாட்டு மன்றத்தின் கையிலோ இல்லை. விளக்கின் சுவிட்ச் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆமைக் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஆம்பர், சிவப்பு ஒளிகள் அதை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. ஆமைகள் மிகுதியாக முட்டையிடும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கடற்கரை விளக்குகளுக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறார்கள்: விளக்கு தாழ்வாக இருக்கட்டும், மறைக்கப்பட்டிருக்கட்டும், அலைநீளம் நீண்டதாக இருக்கட்டும். இவற்றில் முதல் விதிக்கும் பேஸ்பாலுக்கும் நேர்ப்பகை. திடல் விளக்கு உயரமாகத்தான் இருக்க முடியும். மூன்றாம் விதியும் ஆட்டத்துக்கு முழுதாகப் பொருந்தாது. ஆம்பர் ஒளியில் பந்தின் சிவப்புத் தையல் சுழல்வதைக் கண்டு பந்தின் போக்கை ஊகிப்பது கடினம். இரண்டாம் விதியை மட்டும் ஓரளவு பின்பற்றலாம். அதுவும் வானத்துக்கு அனுப்பும் சிறு கற்றை இருக்கும்வரை அரைகுறைதான்.

ஆகவே மணலிலிருந்து நேரே தெரியும் இடத்தில் உயர்கம்ப விளக்குத் திடலை அமைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. கோவளம், மாமல்லபுரம் கரையோரத்தில் பகலில் ஆடட்டும். இரவுப் பயிற்சிக்குத் திருப்போரூர், கேளம்பாக்கம், மேலக்கோட்டையூர், செங்கல்பட்டு என்று உள்ளே வரலாம். நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்கு வருவோருக்குக்கூட இருண்ட கரை ஒரு குறையல்ல. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருப்பதால், அங்கே கம்பம் நட நினைப்பவர்கள் முதலில் அனுமதி விவரத்தைக் கேட்டறிய வேண்டியும் இருக்கும்.

ஏற்கெனவே கரையருகே விளக்குத் திடல் இருந்தால் செய்யக்கூடியவை சில உண்டு. கடலைப் பார்க்கும் விளக்குகளை நிலப்பக்கம் திருப்பி முகமறைப்பு பொருத்தலாம். 5700 கெல்வின் வெண்மையை 3000 கெல்வினுக்கு மாற்றலாம். பின்னது மஞ்சள் சாய்ந்த ஒளி, நீலம் குறைவு. ஜனவரி முதல் மே வரை மாலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துத் திடல் விளக்குகளை அறவே அணைத்துவிடலாம். பாதுகாப்புக்கென்று விடியவிடிய எரிய வேண்டியது வாயிற்படியில் தாழ்வான ஆம்பர் விளக்கு ஒன்று மட்டுமே. மஞ்சள் சாய்ந்த ஒளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. முதல் மழைக்குப் பிறகு ஈசல் படையெடுக்கும் மாலைகளில் வெள்ளை விளக்கின்கீழ் வாயைத் திறந்து கத்தியவர்களுக்கு அது புரியும்.

வாங்கும்போது

விற்பவர் 'ஐம்பதாயிரம் மணி நேரம்' என்பார். பொதுவாக அதன் பொருள், அத்தனை மணி நேரத்தில் ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் என்பதே. ஆண்டுக்கு 500 மணி நேரம் எரித்தால் அந்தக் கணக்கில் நூறாண்டு வரும். எல்.இ.டி. சில்லு அவ்வளவு தாங்கலாம். அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் தாங்காது. எனவே டிரைவருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், தனியாக மாற்ற முடியுமா, அதைக் கம்பத்தின் அடியில் கைக்கெட்டும் பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பதினாறு மீட்டர் உயரத்தில் டிரைவர் பழுதானால் ஒவ்வொரு முறையும் கிரேன் வண்டி வாடகை கொடுத்தாக வேண்டும். 25 பாகை வெப்பநிலைக்குச் சொல்லும் கணக்கு நம் மே மாதத்துக்குப் பொருந்தாது. 45 பாகைக்கான விவரத்தைக் கேட்க வேண்டும்.

விலைப்பட்டியலோடு, திடலின் வரைபடத்தில் ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளியாக லக்ஸ் எண்கள் குறித்த கணினிக் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தர இயலாதவரிடம் திடல் விளக்கு வாங்க வேண்டாம். பொருத்திய பிறகு அதே புள்ளிகளில் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து ஒப்பிட்டு, எண்கள் ஒத்துவந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலி தோராயத்துக்கு உதவும், பணத் தகராறுக்கு உதவாது. பள்ளிக் கூரையில் சூரியத் தகடு இருந்தால் மின்கட்டணத்தில் ஈடுகட்டலாம். ஆனால் கம்பத்தின் தலையில் தகடும் மின்கலமும் சேர்ந்தே வரும் சூரியத் தெருவிளக்குகள் நடைபாதைக்குத்தான் ஆகும். பந்தாட்டத்துக்குப் போதாது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், பருவமழைக்கு முன், கம்ப அடித்தளத் திருகாணிகளையும் எர்த் தடையையும் சோதித்துக் கண்ணாடிகளின் உப்புப் படிவை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். புயலுக்குப் பிறகு விளக்குகளின் சாய்வுக்கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும். காற்றில் ஐந்து பாகை திரும்பினாலும் உட்களத்து ஒளி வேலிக்கு வெளியே போய்விடும். கரையிலிருந்து ஓரிரு கி.மீ.க்குள் உள்ள திடல் என்றால் டிசம்பர் இறுதியில் ஓர் இரவு விளக்குகளை எரியவிட்டு, கடற்கரைக்குப் போய், மணலில் குஞ்சு ஆமையின் உயரத்துக்குக் குனிந்து நிலப்பக்கம் பார்க்க வேண்டும். எந்த விளக்கு கண்ணில் படுகிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, ஆமைகள் வருமுன் அதற்கு மறைப்பு போட வேண்டும்.